மேலே போய்ச் சொல்றேன்

பச்சை நாடா எனக்கு, பச்சை நாடா அவருக்கும். பார்வையாளர் அட்டையோடு கழுத்தில் மாட்டிக்கொண்டு வரிசையில் நிற்கும்போது இரண்டு பேரும் வார்டில் புதிதாகச் சேர்த்த நோயாளிகள் மாதிரி இருக்கிறோம் என்று தோன்றுகிறது, சீச்சீ, இன்றைக்கு எதற்கு அந்த நினைப்பு, முப்பது வருஷத்துக்கு மேல் நர்ஸ் வேலை பார்த்துவிட்டு வந்தது போதாதா, இன்றைக்கு நல்ல புடவை, தீபாவளிக்கு மகள் யோகேஸ் ஜோகூரிலிருந்து எடுத்து அனுப்பிய மாம்பழ மஞ்சள், கட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றபோது கொஞ்சம் அதிகமோ என்று இருந்தது, அறுபது வயதில் மாம்பழ மஞ்சள், மாற்றலாம் என்று பின்னைக் கழற்றப் போய்த் திரும்ப மாட்டிக்கொண்டேன், மாட்டிக்கொண்டது நல்லதுதான், பஸ் நிறுத்தத்தில் என்னைப் பார்த்ததும் மிஸ்டர் நாகப்பன் கையிலிருந்த குடையைக் கீழே போட்டார். இப்போது அந்தக் குடை பாதுகாப்புச் சோதனைக்காரர்களிடம் இருக்கிறது. அவர் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நாடாவைத் திருகிக்கொண்டிருக்கிறார். இந்தக் கோலாலம்பூரில் செந்தூலில் பிறந்தவள் நான், இந்த இரட்டைக் கோபுரம் எழும்பும்போது இரவு ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் போகிற வழியில் மாடி மாடியாகப் பார்த்தவள், ஆனாலும் ஒருநாள்கூட ஏறியதில்லை. ஊர்க்காரர்கள் யார்தான் ஏறுகிறோம், எங்கிருந்தோ விமானத்தில் வருகிறவர்கள் ஏறுகிறார்கள், நாம் கீழே குளிர்சாதனக் கடையில் நடந்துவிட்டு வீட்டுக்குப் போகிறோம். ஏற வேண்டும் என்ற ஆசை மட்டும் எனக்கு இருந்துகொண்டே இருந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை இவரிடம் ஏன் சொன்னேன். தித்திவங்சா ஏரியில் எங்கள் காலை நடைக்கூட்டம் கலைந்த பிறகு, கடையில் தே தாரிக் தேநீர் குடித்துக்கொண்டு, ஏரிக்கு அப்பால் கோபுரம் இரண்டும் வெயிலில் பளபளத்துக்கொண்டிருந்தபோது, "அதுல ஏறியிருக்கீங்களா மிஸ்ஸி?" என்றார். நர்ஸ் என்றால் இந்த ஊரில் மிஸ்ஸிதான், அறிமுகமான நாளிலிருந்து அவருக்கு நான் மிஸ்ஸி. "இல்ல, ரொம்ப நாளா ஆசை," என்றேன். "போவோமே," என்றார். அப்புறம் கோப்பையிலிருந்து கண்ணை எடுக்காமல், இன்னொரு ரொட்டி சானாய் சொல்லட்டுமா என்று கேட்கிற அதே குரலில், "நாம ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கலாமா?" என்றார்.  கோபுரத்தைப் பார்த்தேன். "மேலே போய்ச் சொல்றேன்," என்று வாயில் வந்தது. என்ன பேச்சு அது. சினிமாக்காரி மாதிரி. ஆனால் அவர் அதை அப்படியே எடுத்துக்கொண்டார், அன்றைக்கு மத்தியானமே டிக்கெட் வாங்கிவிட்டார்.

பச்சை நாடா, பச்சை நாடா என்று வழிகாட்டிப் பெண் கூப்பிடுகிறாள். நூருல் என்று சட்டையில் பெயர். மக்சிக், மலாயில் அத்தை, இந்தப் பக்கம் என்று என் முழங்கையைத் தொட்டு லிப்டுக்குள் விடுகிறாள், சிரித்த முகம், என்னிடம் பயிற்சிக்கு வந்த பெண்களில் ஒருத்தி இப்படித்தான் சிரிப்பாள், ஊசி போட்டது தெரியாது. நாங்கள் பத்துப் பதினைந்து பேர். ஈப்போவிலிருந்து வந்திருக்கும் ஒரு தமிழ்க் குடும்பம், அந்த அம்மாள் வரிசையிலேயே என் புடவை எங்கே எடுத்தது என்று கேட்டுவிட்டாள். ஒரு ஜப்பான் ஜோடி. மற்றவர்கள் யாரோ. கதவு மூடியதும் மிஸ்டர் நாகப்பன் ஆரம்பிக்கிறார். "இந்த லிப்டே மாடி வீடு மாதிரி மிஸ்ஸி. ஒண்ணு மேல ஒண்ணா ரெண்டு பெட்டி. மேல் பெட்டி ஒரு மாடியில நிக்கும்போது கீழ்ப் பெட்டி அதுக்குக் கீழ் மாடியில நிக்கும்." அப்படியா என்கிறேன். "முதல்ல கோபுரம் கட்ட நெனச்ச இடம் இது இல்ல. தோண்டிப் பாத்தா ஒரு பக்கம் சுண்ணாம்புப் பாறை, ஒரு பக்கம் வெறும் மண்ணு. அப்படியே கட்டியிருந்தா சாஞ்சிருக்கும். அதனால மொத்தத்தையும் தள்ளி வச்சுக் கட்டினாங்க." அப்படியா. "ஒரு கோபுரத்த ஜப்பான்காரன் கட்டினான், இன்னொண்ண கொரியாக்காரன் கட்டினான், ரெண்டு பேருக்கும் போட்டி." ஒரு வாரமாகப் படித்திருக்கிறார் மனிதர். ரயில் எஞ்சின் ஓட்டியவர், கெடாவிலிருந்து ஜோகூர் வரைக்கும் எல்லா ஸ்டேஷனையும் வரிசையாகச் சொல்வார், நடைக்கூட்டத்தில் எல்லோரும் அலுத்து முன்னால் போய்விடுவார்கள், நான் மட்டும் கேட்டுக்கொண்டு வருவேன், அந்தப் பெயர்களில் ஒரு தாளம் இருக்கும். ஆனால் இன்றைக்கு ஏன் இவ்வளவு வேகம். ஏன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு சொல்கிறார். பதிலுக்கு அவசரப்படுத்துகிறாரோ. இப்படிக் கண் எடுக்காமல் பார்த்தால் எப்படி யோசிப்பது. மஞ்சள் அதிகம்தான்.

பாலம். நாற்பத்தொன்றாம் மாடி, இரண்டு கோபுரத்தையும் சேர்க்கிற பாலம், கீழேயிருந்து பார்க்க ஊசியில் கோத்த நூல் மாதிரி இருக்கும், உள்ளே வந்தால் நல்ல அகலமான கூடம். இரண்டு பக்கமும் கண்ணாடி. கண்ணாடியில் நெற்றியை வைத்துக் கீழே பார்க்கிறேன், ஆ, கார்கள், நீலக் குளம், அதைச் சுற்றி எறும்பு எறும்பாக ஆட்கள், வயிற்றுக்குள் ஒரு கிச்சுகிச்சு, சின்னப் பிள்ளையாக ஊஞ்சலில் மேலே போய்த் திரும்புகிற அந்த ஒரு நொடி வருமே, அது. சிரிப்பு வந்துவிட்டது. "இங்க வந்து பாருங்க," என்கிறேன். அவர் பாலத்தின் நட்டநடுவில் நிற்கிறார், வரவில்லை. "பாலத்த கோபுரத்தோட இறுக்கிக் கட்டல மிஸ்ஸி," என்கிறார். "என்னது?" "காத்துக்கு ரெண்டு கோபுரமும் ஆடும். ஒண்ணு ஆடுற மாதிரி இன்னொண்ணு ஆடாது. இறுக்கிக் கட்டியிருந்தா பாலம் பிஞ்சிரும். அதனால கீழேர்ந்து கால் குடுத்துத் தாங்கிட்டு, ரெண்டு முனையையும் உள்ள போய் வெளிய வர்ற மாதிரி விட்டுட்டாங்க. தண்டவாளத்துல வெயிலுக்கு இடைவெளி விடுவோம்ல, அந்த மாதிரி." "அப்ப நாம நிக்கிறது?" "நகர்ற பாலத்துலதான்," என்று சொல்லிவிட்டு எச்சிலை விழுங்குகிறார். பிஞ்சிரும். அந்தச் சொல்லை ஏன் சொன்னார். பிஞ்சிரும். நானும் என் வீட்டுக்காரர் பரமசிவமும் இறுக்கிக் கட்டினவர்கள். இருபத்திரண்டில் கட்டிக்கொடுத்தார்கள், சண்டை போட்டாலும் ஒரே தட்டில் சாப்பிடுவோம், அவர் சட்டைப் பையில் என் பஸ் கார்டு இருக்கும், என் கைப்பையில் அவர் மூக்குக் கண்ணாடி இருக்கும். அப்புறம் சிறுநீரகம். மூன்று வருஷம் வேலையிலும் கட்டில்கள், வீட்டிலும் ஒரு கட்டில், ஊருக்கெல்லாம் நாடி பார்த்துவிட்டு வந்து அவருக்குப் பார்ப்பேன், மணிக்கட்டைப் பிடிக்கும்போதே தெரிந்துவிடும், நர்ஸாக இருப்பதில் உள்ள கஷ்டம் அதுதான், யாராலும் பொய் சொல்லி ஏமாற்ற முடியாது. பிஞ்சிரும். பிஞ்சுதான் போனது. அப்புறம் பன்னிரண்டு வருஷத்தில் மெல்ல மெல்ல ஒரு மாதிரி தைத்துக்கொண்டேன். இப்போது கட்டிலில் குறுக்காகப் படுக்கிறேன். ரேடியோவைச் சத்தமாக வைக்கிறேன். கருவாடு வறுக்க யாரையும் கேட்பதில்லை. நன்றாகத்தான் இருக்கிறேன், உண்மையாகவே நன்றாக இருக்கிறேன், அதுதான் சங்கடம், கஷ்டத்தில் இருக்கிறவள் என்றால் சரி என்று சொல்வது சுலபம். யோகேஸிடம் போனில் சொன்னேன், அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், "அம்மா, அவர் நல்லா சமைப்பாரா?" என்று மட்டும் கேட்டாள். அவள் பக்கம் தடை இல்லை. தடை எல்லாம் இவருடைய நெஞ்சில் இருக்கிறது. சட்டையின் மேல் பொத்தானைப் போடாத நாளில் அந்தத் தழும்பின் நுனி எட்டிப் பார்க்கும், நேர்க்கோடு, பைபாஸ் தையல், நல்ல கைகாரன் தைத்தது. இரத்த அழுத்த மாத்திரை, கொழுப்பு மாத்திரை, இரத்தம் கட்டாமல் இருக்க ஒன்று. அறுபத்து நாலு வயது. இன்னொரு கட்டிலுக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலியைப் போட்டு என்னால் உட்கார முடியாது. அதைத்தான் மேலே போய்ச் சொல்லப்போகிறேன். இல்லை என்று. பக்குவமாக. நடைக்கு எப்போதும் போல வருவேன் என்று. ஒரு கோபுரத்தில் தீப்பிடித்தால் இன்னொன்றுக்கு ஓடுவதற்கும்தான் இந்தப் பாலம் என்று நூருல் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள், ஜப்பான் பெண் தலையாட்டுகிறாள். நேரமாச்சு, பச்சை நாடா வாங்க.

மறுபடியும் லிப்ட், எண்பத்து மூன்று, இறங்கி இன்னொரு லிப்ட், எண்பத்தாறு. கதவு திறந்ததும் நான் அவரை மறந்துவிட்டேன், நிஜமாகவே மறந்துவிட்டேன். நேர் எதிரே மற்றக் கோபுரத்தின் முடி, கை நீட்டினால் தொடலாம் போல அவ்வளவு கிட்டத்தில், வெள்ளி, வளையம் வளையமாக அடுக்கி மேலே கூம்பி, கீழேயிருந்து பார்க்கும்போது ஒரு குச்சி, இங்கே பார்த்தால் எவ்வளவு வேலைப்பாடு, பறவைகள் மட்டும் பார்க்க இவ்வளவு அழகாகச் செய்து வைத்தார்களே. கண்ணாடி ஓரமாகவே நடக்கிறேன். அதோ செந்தூல். அதோ ஏரி, தித்திவங்சா ஏரி, ஒரு வெள்ளிக் காசு மாதிரி கிடக்கிறது, அதைச் சுற்றித்தான் நாங்கள் மூச்சு வாங்க வாங்க நடக்கிறோம். அதற்குப் பின்னால் மலை, மலைமேல் கெந்திங் கட்டிடங்கள், மலையிலிருந்து மழை இறங்கி வருகிறது, மழை வருவதைப் பக்கவாட்டில் இருந்து பார்க்கிறேன், சாம்பல் நிறத் திரை ஒன்று ஊருக்கு மேல் நடந்து வருகிறது, இந்தப் பக்கம் வெயில், அந்தப் பக்கம் மழை, நடுவில் ஒரு கோடு, அந்தக் கோட்டின் மேல் இருக்கிற வீட்டில் பாதித் துணி நனையும், பாதி காயும். இதைச் சொல்ல வேண்டும். யாரிடம் சொல்ல. இவரிடம். எங்கே இவர்.

சுவரோடு ஒட்டி நிற்கிறார். நடுவில் கோபுரத்தின் மாதிரி உருவம் ஒன்று வைத்திருக்கிறார்கள், அதற்குப் பின்னால், லிப்ட் சுவரில் முதுகும் இரண்டு உள்ளங்கையும் ஒட்டியபடி. முகம் சாம்பல். மேலுதட்டில் வேர்வை. குளிர்சாதனம் இவ்வளவு போட்டிருக்கிறார்கள், வேர்வை. என் கால்கள் எனக்கு முன்னால் ஓடுகின்றன. கடவுளே இங்கே வேண்டாம், எண்பத்தாறாவது மாடியில் வேண்டாம், ஆம்புலன்ஸ் வந்து லிப்ட் மாறி லிப்ட் மாறி எப்போது இறக்குவது, மாத்திரை சட்டைப் பையில் இருக்கிறதா, "நெஞ்சு வலிக்குதா? கை? தாடை? இடது தோள் கனக்குதா?" என் குரல் வார்டில் பேசுகிற குரல், எத்தனை வருஷத்துக்குப் பிறகு வருகிறது. மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். வேகம். நல்ல வேகம், ஆனால் சீர், விட்டு விட்டு ஓடவில்லை, துடிப்பில் பலம் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் பார்க்கிறேன், சீர்தான். என் கைதான் நடுங்குகிறது. அவர் கண்ணைத் திறக்காமல் தலையை ஆட்டுகிறார். "நெஞ்சு இல்ல மிஸ்ஸி." "பின்ன என்ன?" "உயரம்." "என்னது?" "எனக்கு உயரம் ஆகாது. சின்ன வயசுலேர்ந்து. ஏணியில மூணாவது படி ஏறுனா கால் ஆடும். ரயில்ல ஏன் சேர்ந்தேன்னு நெனக்கிறீங்க, அது தரையிலயே போகும்." நான் அவரைப் பார்க்கிறேன். லிப்டில் ஓயாமல் பேசியது, என் முகத்தையே பார்த்தது, பாலத்தின் நட்டநடு, எச்சில். "அப்புறம் எதுக்கு வந்தீங்க?" "நீங்க ஆசப்பட்டீங்க." "சொல்லியிருக்கலாம்ல?" "சொன்னா வந்திருக்க மாட்டீங்க. மேலே போய்ச் சொல்றேன்னு வேற சொன்னீங்க. கீழ நின்னா பதில் கிடைக்காதே." கண்ணை இன்னும் திறக்கவில்லை. எனக்குச் சிரிப்பு வருகிறது, அடக்க அடக்க வருகிறது, புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொள்கிறேன், கண்ணில் தண்ணீர் வருகிறது, சிரிப்பினாலா, சற்று முன் வந்த பயத்தினாலா, இரண்டும் ஒரே வழியாகத்தான் வரும் போல. "சிரிங்க, நல்லா சிரிங்க," என்கிறார், அவரும் சிரிக்கிறார், கண்ணை மூடிக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டு சிரிக்கிறார், மணிக்கட்டு இன்னும் என் கையில்தான் இருக்கிறது.

விடவில்லை. ஏன் விடவில்லை. நாடி பார்த்தாயிற்று, சீராக இருக்கிறது, விட்டுவிடலாம். இப்போதுதான் எனக்குத் தோன்றுகிறது, மெல்லத் தோன்றுகிறது, ஏதோ மறந்து வைத்த சாமான் எங்கே என்று ஞாபகம் வருகிற மாதிரி. இல்லை என்று சொல்லப்போகிறேன், ஏனென்றால் இன்னொரு தரம் அந்தப் பயம் வேண்டாம். ஆனால் அந்தப் பயம் வந்துவிட்டதே. இப்போது வந்ததே. இத்தனை வருஷத்தில் எத்தனை பேர் வேர்த்து விழுந்ததைப் பார்த்திருக்கிறேன், என் கை நடுங்கியதில்லை, பரமசிவத்துக்கு நடுங்கியது, இன்றைக்கு நடுங்கியது. இல்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனால் மட்டும், கட்டிலில் குறுக்காகப் படுத்துக்கொண்டால் மட்டும், ஒரு காலை நடைக்கு இவர் வராமல் போனால் எனக்கு என்ன ஆகும். அதே ஆகும். கல்யாணம் செய்யாமலே அத்தனையும் ஆகும். அப்புறம் எதற்கு ஸ்டேஷன் பெயர்களையும் அவர் சமையலையும் விட வேண்டும், மீன் சம்பால் நன்றாக வைப்பார் என்று நடைக்கூட்டத்தில் எல்லோரும் சொல்கிறார்கள், யோகேஸிடம் அதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

அதற்குள் மழை வந்து சேர்ந்துவிட்டது. ஆனால் மழை மாதிரி இல்லை, முதலில் மற்றக் கோபுரத்தின் முடி மங்கியது, பிறகு கோபுரமே இல்லை, ஏரி இல்லை, செந்தூல் இல்லை, மேகம் வந்து கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது, நாலு பக்கமும் வெள்ளை, யாரோ வெளியிலிருந்து வேட்டியைக் கட்டிவிட்ட மாதிரி. ஈப்போ அம்மாள் கணவரிடம் குறைப்படுகிறாள், "பாருங்க, இவ்ளோ தூரம் வந்து ஒண்ணுமே தெரியல." ஜப்பான்காரர் காமிராவை இறக்கிவிட்டார். நூருல் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கிற முகத்தோடு சுற்றி வருகிறாள், மழை அவள் போட்டது போல. நான் சொல்கிறேன், "மிஸ்டர் நாகப்பன், கண்ணத் தெறங்க." "வேணாம்." "தெறங்க லா. ஒண்ணுமே இல்ல." ஒரு கண்ணைத் திறக்கிறார். அப்புறம் இன்னொன்று. வெள்ளை. கீழே எதுவும் இல்லை, கீழேயே இல்லை, நாங்கள் தரையில் இருக்கிறோம் என்று சொன்னாலும் நம்பலாம். சுவரிலிருந்து முதுகை எடுக்கிறார். ஒரு அடி. என் கையைப் பிடித்துக்கொள்கிறார், இத்தனை நேரம் நான் பிடித்திருந்தேன், இப்போது அவர் பிடிக்கிறார். இன்னும் ஒரு அடி. கண்ணாடி வரைக்கும் வந்துவிட்டார். விரல் நுனியால் கண்ணாடியைத் தொடுகிறார், எஞ்சினைத் தொடுகிற மாதிரி. "சில்லுனு இருக்கு," என்கிறார். "ஆமா," என்கிறேன். மேகம் நகர்கிறது, புகை மாதிரி சுருண்டு சுருண்டு போகிறது, எங்கள் மூச்சு கண்ணாடியில் இரண்டு வட்டமாகப் படிகிறது, எனக்குப் பரமசிவம் நினைவு வருகிறது, வலிக்காமல் வருகிறது, அவருக்கும் இது பிடித்திருக்கும். இத்தனை வருஷம் ஆசைப்பட்டு ஏறி வந்து, கடைசியில் வெள்ளைத் துணி ஒன்றைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், இவ்வளவு சந்தோஷமாக எப்போது இருந்தேன் என்று ஞாபகமில்லை. இப்போது சொல்லிவிடலாம். சொல்கிறேன். வாயைத் திறக்கிறேன், மேகத்தில் ஒரு ஓட்டை விழுகிறது, ஓட்டைக்குள் மிக மிகக் கீழே ஒரு ரோடு, ஒரு சிவப்புப் பஸ். "அல்லாமாக்!" என்று கத்திக்கொண்டு அவர் சுவருக்கு ஓடிவிட்டார்.

நேரமாச்சு, பச்சை நாடா, பச்சை நாடா. இறங்குகிற லிப்டில் எல்லோரையும் நெருக்கி நிறுத்துகிறாள் நூருல். அவர் மூலையில், நான் அவருக்கு முன்னால், பின்னால் ஈப்போக் குடும்பம், பக்கத்தில் ஜப்பான் ஜோடி. கதவு மூடுகிறது, விழுகிறோம், விழுவது தெரியாமல் விழுகிறோம். இவர் கேட்க மாட்டார். கேட்பவராக இருந்தால் மேலேயே கேட்டிருப்பார், பஸ் நிறுத்தம் வரைக்கும் பேசாமல் வருவார், குடையை விரித்து என் பக்கம் சாய்த்துப் பிடிப்பார், ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் மிஸ்ஸி என்பார். மிஸ்டர் நாகப்பன் என்று இனிமேல் கூப்பிட முடியாதே, வேறென்ன கூப்பிடுவது, பெயர் சொல்லவா, ஏங்க என்பதா, அந்த ஏங்க பரமசிவத்துடையது, பார்த்துக்கொள்ளலாம், முதலில் சொல். "சரி," என்றேன் மெதுவாக. அவர் காதில் விரலை விட்டுக் குடைகிறார். "என்ன மிஸ்ஸி?" "சரின்னு சொன்னேன்." "காது ரெண்டும் அடச்சிருச்சு. ஒண்ணும் கேக்கல." "சரின்னு..." "ஆங்?" எனக்குப் பொறுக்கவில்லை. வார்டின் கடைசிக் கட்டில் வரைக்கும் கேட்கிற குரல் ஒன்று எனக்கு உண்டு, அது தானாக வந்தது. "கல்யாணம் பண்ணிக்கலாம்னு சொன்னேன்!"

லிப்டில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் ஈப்போ அம்மாள், "முருகா!" என்று என் தோளைப் பிடித்தாள், அவள் புருஷன் சிரித்தார், நூருல் ஒன்றும் புரியாமல் ஈப்போ அம்மாளைப் பார்க்க, அவள் மலாயில் மளமளவென்று சொல்ல, நூருல் இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டு “வாஆ!” என்று வியந்து இழுத்தாள், அப்புறம் கைதட்ட ஆரம்பித்தாள், ஜப்பான் ஜோடிக்கு யாரும் மொழிபெயர்க்கவில்லை, ஆனாலும் அவர்கள் குனிந்து குனிந்து தட்டினார்கள், அந்தச் சின்னப் பெட்டிக்குள் கைதட்டல் மழை மாதிரி கேட்டது. மிஸ்டர் நாகப்பன் எல்லோரையும் பார்த்தார். வழிகாட்டிப் பெண் நன்றாகச் சுற்றிக் காட்டியதற்குத்தான் தட்டுகிறார்கள் என்று எடுத்துக்கொண்டார் போல. அவரும் மலர்ந்த முகத்தோடு நூருலைப் பார்த்துப் பலமாகத் தட்டினார், எல்லோரையும்விடப் பலமாக, "தெரிமா காசே, தெரிமா காசே" என்று அவளுக்கு நன்றி வேறு சொன்னார். அதைப் பார்த்து எல்லோரும் இன்னும் தட்டினார்கள். நான் அவர் சட்டைக் கையைப் பிடித்து என் பக்கம் திருப்பினேன். மூக்கைப் பிடிச்சுக்கிட்டு எச்சில முழுங்குங்க, காது தெறந்துரும் என்று சைகை காட்டினேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு, நல்ல பிள்ளையாக மூக்கைப் பிடித்துக்கொண்டு, விழுங்கினார்.